பதினோரு சுற்று

முழுதாக ஏற முப்பது சுற்று வேண்டும்.
பதினொன்றில் என் கட்டைவிரல்
போதும் என்றுவிடும்.

சிக்குன்குனியா வந்த வருடம்
வீடு வீடாகக் குடத்துக்குள் டார்ச் அடித்துப்
புழு தேடியவள் நான்.
கொசு என்னை அடையாளம் வைத்திருந்திருக்கிறது.
காய்ச்சல் ஐந்து நாளில் கிளம்பியது.
விரல் கணுக்களில் அது விட்டுப்போன சாமான்களை
இன்னும் எடுத்துப்போக வரவில்லை.

பல்லால் திருகிப் பார்த்தேன், உப்புக் கரித்தது.
திருகைப் பிடித்துக்கொண்டு வாட்சைச் சுற்றினேன்.
அதே வலி, திசை மட்டும் வேறு.
கடைசியில் பழைய ரத்த அழுத்த மானியின் ரப்பர் குழாயில்
அரை அங்குலம் வெட்டித் திருகில் மாட்டி
மேசை விளிம்பில் உள்ளங்கையால் உருட்டினேன்.
நான்கு சுற்று பதினொன்று ஆனது இப்படித்தான்.
வாடை அடிக்கும் மாதங்களில் பத்து.
அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பதினோரு சுற்றுக்குப் பதிமூன்று மணி நேரம்.
காலையில் ஒரு வேளை,
இரவு வெந்நீரில் கை ஊறியபின் ஒரு வேளை.
மாத்திரை மாதிரி.

"பேட்டரி வாட்ச் கட்டலாமே சிஸ்டர்"
என்கிறார் மருந்து கொடுக்கும் இருளப்பன்.
பீரோவில் ஒன்று இருக்கிறது.
அதன் முள் நொடிக்கு ஒருமுறை குதிக்கும்.
இதன் முள் ஊரும்.
மூச்சும் குதிப்பதில்லை அல்லவா?
இது ஒரு காரணமே இல்லை என்று
எனக்கும் தெரியும்.
போனில் நொடி ஓடுமாம். ஈரக்கையால் தொட்டால்
அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கார்த்திகைக் கடைசி. சேலைக்கு ஊக்குக் குத்தவே
முடியாத காலை. வாட்சைத் தொடவில்லை.
பதினோரு மணி வாக்கில் சின்னப்பாலத்தில்
நம்புச்செல்வியின் ஏழு மாதப் பிள்ளை.
சட்டையைத் தூக்கினேன். விலா உள்ளே போய் வந்தது.
ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்.
இருபத்தாறில் முள் நின்றது.
பிள்ளை நிற்கவில்லை.
நாற்பது, ஐம்பது என்று
எதற்குள் என்று தெரியாமலே எண்ணிக்கொண்டு போனேன்.

ரப்பர் துண்டு சென்டரில், மேசை இழுப்பறையில்.
வெறும் விரலால் திருகினேன். இரண்டு. மூன்று.

"இங்க குடுங்க."

அப்போதுதான் பாசி எடுத்துக் கரையேறியிருந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாய் அவிழ்த்தாள்.
ஊறி வெளுத்த தோல், பாறை கீறிய கோடுகள்,
சுண்டுவிரலில் புதுச் சிவப்பு.
அவள் என் கையைப் பார்த்தாள், நான் அவள் கையை.
பார்த்ததோடு சரி.

சாவி கொடுத்துப் பழக்கமில்லாதவள்
கண்ணை மூடிக்கொண்டாள்.
கலங்கல் தண்ணீரில் மரிக்கொழுந்துப் பாசியைத் தடவி
வேரை விட்டுவிட்டு ஒடிக்கத் தெரிந்த விரல்.
முப்பது என்று நான் சொல்லவில்லை.
"இதுக்கு மேல போவாது, போனா அந்துரும்"
என்று நீட்டினாள்.

மறுபடி எண்ணினேன். ஐம்பத்தெட்டு.
ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு
ராமேசுவரம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன்.
நேரம் என்ற கட்டத்தில் பேனா வைத்தபின்தான்
முள்ளைத் திருத்தவில்லையே என்று உறைத்தது.
பக்கத்து வீட்டில் மணி கேட்டு எழுதினேன்.

அன்று இரவு வெந்நீர் வைக்கவில்லை.
மறுநாள் காலை குழாயைத் தேடவில்லை.
அவள் சுற்றியது ஓடிக்கொண்டே இருந்தது.
மூச்சு நாற்பத்திரண்டு, பால் குடிக்கிறான் என்று
சாயங்காலம் போன் வந்தது.
நான் தூங்காமல் தலையணையில் வாட்சை வைத்துக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பத்தேகாலுக்கு அடங்கியது.

எழுந்து குழாயை மாட்டி மேசை விளிம்பில் உருட்டினேன்.
ஒன்பதிலேயே சுரீரென்றது.
பத்து.
வெளியே ஓலையை ஆட்டிக்கொண்டு வாடை.

பதினொன்று என்றே எழுதிக்கொள்ளுங்கள்.